தெரியும்படி போவோம்

(தாராவியில் ஒரு மாலை வகுப்பில், சைக்கிள் பழுது பார்க்கும் ஒருவர் பேசிய பேச்சு)

 

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. 90 அடி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவேன். வீல் பெண்டு எடுப்பேன். செயின் மாட்டுவேன். அவ்வளவுதான் என் வேலை. உங்கள் டீச்சர் போன வாரம் கடைக்கு வந்தார். "நீங்கள் சைக்கிள்காரர்களிடம் தினமும் ஒரு விஷயம் சொல்கிறீர்களே, அதை எங்கள் வகுப்பிலும் வந்து சொல்லுங்கள்" என்றார். அதனால் வந்தேன்.

அந்த விஷயம் இதுதான். சைக்கிளில் போகிறவர்கள் பளிச்சென்று தெரியும் உடை போட வேண்டுமா, வேண்டாமா?

சின்ன விஷயம்போல் இருக்கிறது. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு மழைக்கால விடியற்காலை

முதலில் ஒரு கதை சொல்கிறேன். கதை இல்லை, நடந்தது.

நம் தாராவி இட்லி அண்ணாச்சிமார்களை மும்பை முழுக்கத் தெரியும். விடிவதற்கு முன்பே எழுந்து இட்லி அவிப்பார்கள். பெரிய அலுமினியப் பாத்திரத்தை சைக்கிள் கேரியரில் கட்டுவார்கள். ஹாரனை அழுத்திக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். அவர்களில் ஒருவர் என் கடைக்கு வழக்கமாக வருகிறவர்.

ஆடி மாதம். நல்ல மழை. காலை ஐந்தரை மணி. அண்ணாச்சி சயான் வழியாக செம்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார். மேலே கறுப்பு மழைக்கோட்டு. சைக்கிளின் பின்னால் சிவப்புக் கண்ணாடி இருந்தது. ஆனால் இட்லிப் பாத்திரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. விளக்கு இல்லை. பின்னால் வந்த ஒரு டெம்போ இடித்துவிட்டது.

இட்லி எல்லாம் தண்ணீரில் மிதந்தது. அண்ணாச்சிக்குக் கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. அந்த மூன்று மாதமும் வீட்டு அக்காதான் இட்லி அவித்து, வாசலில் உட்கார்ந்து விற்றார்.

டெம்போ டிரைவர் நல்லவர்தான். ஓடிப்போகவில்லை. அவரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆனால் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "தெரியவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை." கூடி நின்றவர்களில் ஒருவர் சொன்னார்: "கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு இருட்டில் வந்தால் எப்படித் தெரியும்? தப்பு இவர் மேல்தான்."

அண்ணாச்சி பிறகு என்னிடம் கேட்டார். "தம்பி, அடி பட்டவன் நான். குற்றவாளியும் நான்தானா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இன்றைக்கு அதற்குத்தான் பதில் தேடப்போகிறோம்.

ஒரு நொடிக் கணக்கு

நீங்கள் கணக்குப் பாடம் படித்துவிட்டீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஒரு லாரி மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அப்படியானால் ஒரு நொடியில் 15 மீட்டர் ஓடும். டிரைவர் உங்களைப் பார்க்கிறார். பார்த்ததை மூளை புரிந்துகொள்ள வேண்டும். பிறகு கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். இதற்கே சுமார் ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் லாரி 22 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்த பிறகும் உடனே நிற்காது. இன்னும் ஏறக்குறைய 22 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆக மொத்தம் சுமார் 45 மீட்டர். ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் நான்கு பெஸ்ட் பேருந்துகளின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் இன்னும் கூடும்.

கறுப்பு உடை போட்ட ஆளை, தாழ்த்திய முகப்பு விளக்கில் எவ்வளவு தூரத்தில் பார்க்க முடியும்? பெரும்பாலும் 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான்.

இப்போது கழித்துப் பாருங்கள். நிற்க வேண்டிய தூரம் 45. தெரியும் தூரம் 30. இடையில் 15 மீட்டர் உதைக்கிறது. அந்த 15 மீட்டரில்தான் அண்ணாச்சியின் கால் போனது.

டிரைவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆனால் இன்னொன்றும் பாருங்கள். அதே வண்டி மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்திருந்தால் நொடிக்கு 10 மீட்டர்தான் ஓடும். பார்த்து, பிரேக் பிடித்து, ஏறக்குறைய 25 மீட்டரில் நின்றிருக்கும். கறுப்புக் கோட்டு அப்படியே இருந்தாலும் அண்ணாச்சி பிழைத்திருப்பார். ஆகவே கோட்டின் நிறம் ஒரு பாதி. வண்டியின் வேகம் மறு பாதி. இதை மறக்க வேண்டாம்.

ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் உண்டா?

நாம் எல்லாரும் "ரேடியம் ஸ்டிக்கர்" என்கிறோம். லாரியின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருக்குமே, அதுதான். உண்மையில் அதில் ரேடியம் இல்லை. ரேடியம் என்பது 1898இல் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவரும் கண்டுபிடித்த ஒரு தனிமம். அது சேர்ந்த சாயம் இருட்டில் தானாக ஒளிரும். ஆனால் உடம்புக்குக் கேடு. நம் ஸ்டிக்கர் அப்படி இல்லை. அது தானாக ஒளிராது. தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

எப்படி? அந்த ஸ்டிக்கருக்குள் மிகச் சிறிய கண்ணாடி மணிகள், அல்லது சின்னச் சின்னப் பட்டை முனைகள் இருக்கும். சுவர் மூலையில் பந்தை எறிந்தால் அது திரும்ப நம் பக்கமே வருகிறது அல்லவா? அதுபோல வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பும். லாரி விளக்கின் வெளிச்சம் லாரி டிரைவரின் கண்ணுக்கே திரும்பிப் போகும். அதனால் 100 மீட்டருக்கு அப்பாலும் அவருக்குத் தெரியும். இருட்டில் பூனையின் கண் மின்னுவதும் இப்படித்தான். இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934இல் இதே முறையில் சாலையில் பதிக்கும் "பூனைக்கண்" கண்ணாடிகளைச் செய்தார்.

இன்னொரு வகையும் உண்டு. பளபளக்கும் மஞ்சள்பச்சை, ஆரஞ்சு நிறத் துணி. சாலையைப் பெருக்கும் மாநகராட்சித் தொழிலாளர்கள் போடுகிற மேற்சட்டையைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. இந்தத் துணி அவற்றை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றித் தருகிறது. அதனால்தான் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. பகலிலும், மேகமூட்டத்திலும், மாலை மங்கும் நேரத்திலும் இது நன்றாக வேலை செய்யும். ராத்திரியில் வெயில் இல்லை. ஆகவே இந்த நிறத்துக்கு ராத்திரியில் பெரிய பலன் இல்லை. அந்தச் சட்டையில் வெள்ளிப் பட்டை தைத்திருப்பது அதற்காகத்தான். பகலுக்கு நிறம். இரவுக்குப் பட்டை.

ஒரு தம்பி கேட்கிறார், "ஸ்டிக்கர் இருந்தால் விளக்கு வேண்டாமா?" நல்ல கேள்வி. வேண்டும். ஸ்டிக்கர் மேல் வெளிச்சம் பட்டால்தான் அது மின்னும். நாற்சந்தியில் நீங்கள் குறுக்கே போகும்போது, பக்கவாட்டில் வரும் வண்டியின் விளக்கு உங்கள் மேல் கடைசி நொடியில்தான் விழும். அங்கே உங்களைக் காப்பாற்றுவது உங்கள் சொந்த விளக்கு. பழைய டைனமோ விளக்கு சைக்கிள் நின்றால் அணைந்துவிடும். இப்போது பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்குகள் வந்துவிட்டன. நின்றாலும் எரியும்.

வெளிநாட்டில் சோதித்துப் பார்த்தார்கள்

"இதெல்லாம் சொல்வது சுலபம். உண்மையில் பலன் உண்டா?" என்று கேட்கலாம். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

டென்மார்க் நாட்டில் சுமார் 6,800 சைக்கிள்காரர்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மஞ்சள் மேற்சட்டை கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. ஒரு வருடம் கவனித்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு, மற்றவர்களோடு மோதிக் காயம்படும் விபத்து 47 சதவீதம் குறைவாக இருந்தது. சட்டை போட்டவர்கள் சில விபத்துகளைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று, ஆராய்ந்தவர்களே அதையும் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் 38 சதவீதம் குறைவு. இந்த முடிவு 2018இல் அச்சில் வந்தது.

இங்கிலாந்தில் வேறொரு சோதனை. இயன் வாக்கர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. 2013இல் முடிவு வந்தது. ஒரே சைக்கிள்காரர், ஏழு விதமான உடை. கடந்துபோகும் வண்டிகள் எவ்வளவு இடம் விட்டுப் போகின்றன என்று கருவி வைத்து அளந்தார்கள். பளிச்சென்ற சட்டை போட்டபோதும் டிரைவர்கள் அதிக இடம் விடவில்லை. "போலீஸ்" என்று எழுதி, படம் எடுக்கப்படுகிறது என்றும் எழுதிய சட்டைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டார்கள். எந்த உடை போட்டாலும், நூற்றில் ஒன்றிரண்டு வண்டிகள் 50 சென்டிமீட்டருக்குள் உரசிக்கொண்டுதான் போயின.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சட்டை நம்மைக் கண்ணுக்குக் காட்டும். அது உண்மை. ஆனால் மனதில் மரியாதையை உண்டாக்காது. அதுவும் உண்மை. பார்த்தும் உரசுகிறவனை எந்தச் சட்டையும் தடுக்காது. அவனைத் தடுக்கச் சட்டம் வேண்டும், போலீஸ் வேண்டும், சைக்கிளுக்குத் தனி வழி வேண்டும்.

நெதர்லாந்து நாட்டில் சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில்தான் போகிறார்கள். இரவில் விளக்கு கட்டாயம். 1970களில் அங்கே வண்டிகள் மோதிப் பல குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பிறகு சாலைகளையே மாற்றினார்கள். சைக்கிளுக்குத் தனித் தடம் போட்டார்கள்.

நம் ஊரில்? 2011இல் பாந்திரா குர்லா வளாகத்தில் சைக்கிள் தடம் போட்டார்கள். பிறகு அது கைவிடப்பட்டது. 2009இல் பாந்திரா வொர்லி கடல் பாலம் வந்தது. 2013இல் செம்பூர் பக்கமிருந்து கிழக்கு விரைவுச் சாலை வந்தது. இரண்டிலும் சைக்கிளுக்கு இடம் இல்லை. கீழே லாரியோடும் டேங்கரோடும்தான் நாம் போக வேண்டும்.

கட்டாயம் ஆக்கலாமா?

பிரான்சு நாட்டில் 2008 முதல் ஒரு விதி உண்டு. ஊருக்கு வெளியே, இரவில் சைக்கிள் ஓட்டினால் மின்னும் மேற்சட்டை போட வேண்டும். நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஹெல்மெட் போடச் சொல்வது மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத்தான். ஆனால் சைக்கிளில் மாட்டும் ரிஃப்ளெக்டர் இந்தியத் தர அளவின்படி இருக்க வேண்டும் என்று 2020இல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. இது சைக்கிள் செய்கிறவர்களின் பொறுப்பு. புதுச் சைக்கிள் வாங்கும்போது முன்னால், பின்னால், பெடலில், வீலில் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா, அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையைப் படிக்க உங்களுக்கு இப்போது தெரியுமே!

மேற்சட்டையைச் சட்டமாக்கி அபராதம் போடலாமா? என் கருத்து, கூடாது. யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? மாட்டுங்காவில் விடியற்காலையில் பேப்பர் போடும் தம்பி. பால்காரர். டப்பாவாலா. இரவு வேலை முடிந்து வரும் வாட்ச்மேன். அவர்களிடம் அபராதம் வாங்கினால், சைக்கிளையே விட்டுவிடுவார்கள். மேலும், சட்டை போடாதவர் அடிபட்டால் "தப்பு உன் மேல்" என்று சொல்ல அது சாக்காகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவன் தப்பித்துக்கொள்வான்.

ஆகவே அண்ணாச்சிக்கு நான் சொன்ன பதில் இது. "அண்ணாச்சி, நீங்கள் குற்றவாளி இல்லை. கறுப்புக் கோட்டு போடுவது குற்றம் இல்லை. மழையில் வேகமாக வருவதுதான் குற்றம். ஆனால் நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் கால் ஒட்டிக்கொள்ளாது. நாளைக்கும் நீங்கள் அதே சாலையில் போக வேண்டும். அதனால் தெரியும்படி போங்கள்."

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் மேற்சட்டை வேண்டாம் என்றார். "புழுக்கத்தில் போட முடியாது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்" என்றார். சரி என்று இட்லிப் பாத்திரத்தைச் சுற்றிச் சிவப்பு ரேடியம் பட்டை ஒட்டினேன். சிரித்துக்கொண்டே போனார். இப்போது அந்த மின்னும் பாத்திரத்தைப் பார்த்தே வாடிக்கையாளர்கள், "இட்லி வருகிறது" என்று கிண்ணத்தோடு இறங்கி வருகிறார்களாம்!

நாம் என்ன செய்யலாம்?

அதிகச் செலவு வேண்டாம். ரேடியம் பட்டை ஒரு மீட்டர் சில பத்து ரூபாய்தான்.

1. முதலில் விளக்கு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு.

2. சுமை கட்டினால் பின்னால் உள்ள ரிஃப்ளெக்டர் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் சுமையின் மேலேயே பட்டை ஒட்டுங்கள். பால் கேன், டப்பா, கூடை எதுவானாலும் சரி.

3. கணுக்காலில் ஒரு பட்டை கட்டுங்கள். முகப்பு விளக்கு தாழ்வாகத்தான் விழும். கால் மேலும் கீழும் ஆடும்போது, "இது கல் இல்லை, கம்பம் இல்லை, சைக்கிள் மிதிக்கும் மனிதன்" என்று டிரைவருக்கு உடனே புரியும். பெடலில் ரிஃப்ளெக்டர் வைப்பதும் இதற்காகத்தான்.

4. மழைக்கோட்டு வாங்கும்போது கறுப்பு, நீலம் வேண்டாம். மஞ்சள் வாங்குங்கள். விலை ஒன்றுதான்.

5. பட்டையைத் துடையுங்கள். சேறு படிந்த பட்டை மின்னாது.

6. பளிச்சென்று உடை போட்டாலும், "அவர் என்னைப் பார்த்துவிட்டார்" என்று நம்பிப் பாய வேண்டாம். லாரி திரும்பும்போது அதன் பக்கவாட்டில் நுழைய வேண்டாம்.

நடந்து போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2022இல் நம் நாட்டில் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. அவர்களில் 32,000க்கும் அதிகமானவர்கள் நடந்து போனவர்கள். சைக்கிளில் போனவர்கள் 4,000க்கும் மேல். விடியற்காலையில் தண்ணீருக்கும் வேலைக்கும் போகும் அக்காமார்களே, உங்கள் பைமேலும் ஒரு துண்டுப் பட்டை ஒட்டலாம்.

எழுத்து எங்கே உதவும்?

விபத்து நடந்தால் வண்டி எண்ணைப் பாருங்கள். எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்தில் கேட்கலாம். வண்டி நிற்காமல் ஓடிவிட்டதா? எண் தெரியவில்லையா? அப்போதும் கைவிட வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் ஒரு திட்டம் உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பலத்த காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய். தாசில்தார் போன்ற வருவாய்த் துறை அதிகாரியிடம் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். போலீசில் புகார் எழுதிக் கொடுத்து, அதன் நகலை வாங்கி வையுங்கள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்களும், வயலில் கூலி வேலை செய்யும் பெண்களும் சைக்கிளில் போனார்கள். எழுத்தும் சைக்கிளும் ஒன்றுதான். இரண்டும் யாரையும் கேட்காமல் நம்மை நாம் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும்.

அதனால் இரண்டு வேலை செய்வோம். இன்று இரவு சைக்கிளில் ஒரு பட்டை ஒட்டுவோம். நாளை எல்லாரும் சேர்ந்து வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுவோம். எந்த மூலையில் தெருவிளக்கு எரியவில்லை, எந்தத் திருப்பத்தில் வேகத்தடை வேண்டும் என்று எழுதுவோம். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். கைநாட்டு வேண்டாம்.

நம்மைக் காட்டிக்கொள்வது நம் வேலை. நம்மைப் பார்த்து ஓட்டுவது அவர்கள் கடமை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறக்க வேண்டாம்.

பட்டை வேண்டும் என்றால் கடைக்கு வாருங்கள். ஒட்டுவதற்குக் கூலி வாங்க மாட்டேன்.

பேசிப் பார்ப்போம்

1. "தெரியவில்லை" என்று டிரைவர் சொன்னார். தப்பு யார் மேல்? ஏன்?

2. உங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர் யார்? எந்த நேரத்தில் போகிறார்? என்ன உடை போடுகிறார்?

3. உங்கள் தெருவில் ராத்திரி இருட்டாக இருக்கும் இடங்கள் எவை? எழுதுங்கள்.

4. வார்டு அலுவலகத்துக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.